கம்பம் சொன்ன குளிர்

வாலா பிரூனி,
நவம்பர் 12

அன்புள்ள வலேரியு,

இங்கே எனக்கும் குழந்தை இலின்காவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் முதுகுவலி எப்படி? மாட்டுத்தொழுவ ஈரத்தில் வெறும் செருப்போடு நிற்காதே என்றால் சிரிப்பாய். சிரி, ஆனால் நிற்காதே.

அந்த மலையில் போன் பேசினால் பாதிப் பேச்சு அறுந்துபோகிறது. மீதிப் பாதியில் நீ “எல்லாம் நல்லா இருக்கு” என்கிறாய். அதனால் கடிதமே எழுதுகிறேன். கிரீஷா தன் வண்டியில் இத்தாலிக்கு ஆட்களையும் பொட்டலங்களையும் கொண்டுபோகும்போது இதையும் கொண்டுவருவான். தபாலைவிட அவன் மேல், வழியில் பாலாடைக்கட்டியைக் கொஞ்சம் கிள்ளித் தின்பான், அவ்வளவுதான். குழந்தை தூங்கின பிறகுதான் எனக்குக் கை ஒழிகிறது. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

தோட்டத்தில் நட்ட வானிலைக் கம்பம் நன்றாக நிற்கிறது. காற்றடித்தால் உச்சியில் இருக்கிற கிண்ணங்கள் சுழல்கின்றன, இலின்கா கை தட்டுகிறாள். பான்ஃபில் மாமா தினமும் வேலியோரம் வந்து நின்று அதை முறைத்துப் பார்க்கிறார். நேற்று கேட்டார்:

“ஏம்மா ஒலேசியா, இது நாம பேசுறதையும் கேட்டு அங்க சொல்லுமா?”

“குளிரை மட்டும்தான் மாமா சொல்லும்.”

“குளிரைச் சொல்ல என் முழங்காலே போதும். அதுக்கு ஒரு பயலும் மானியம் குடுக்கலியே!”

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது. சிறு விவசாயிகள் ஊரைவிட்டுப் போகாமலிருக்கத்தான் இந்த மானியம் என்று முதல் பக்கத்திலேயே அச்சடித்திருந்தார்கள். கம்பத்துக்கும் தோட்டத்துக்கும் முதலில் நாம் செலவழிக்க வேண்டும், ஒரு பருவம் ஓடின பிறகு வந்து பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பித் தருவார்களாம். அந்தச் செலவுக்கு வங்கியில் கடன் வாங்கினோம், அந்தக் கடனை அடைக்க நீ ஊரைவிட்டுப் போனாய். பெண் பெயரில் கேட்டால் கூடுதல் மதிப்பெண் என்று என் பெயரைப் போட்டோம். இப்போது ஐந்து வருடம் நான் இந்த நிலத்தைவிட்டு நகரக்கூடாது. கல்லூரியில் படித்தவள் என்று பெயர், இது மட்டும் கையெழுத்துப் போடும்போது உறைக்கவில்லை.

சரி. ஜூலையில் ஆப்ரிகாட் பறிக்க நீ வந்துவிடுவாய். பழம் விற்ற பணத்தில் வங்கிக்காரர்களின் வாயை மூடிவிட்டு, பிறகு நீ எங்கும் போகவேண்டாம். நமக்குள் பேச்சு அதுதானே? தினம் ஒருமுறை எனக்கு நானே அதைச் சொல்லிக்கொள்கிறேன்.

பொட்டலத்தில் வால்நட், பிளம் ஜாம், கம்பளிக் காலுறை இருக்கின்றன. காலுறையைப் போடு, பெட்டியில் பத்திரப்படுத்தாதே.

உன்
ஒலேசியா

*

திரென்டோ மலை,
டிசம்பர் 9

அன்புள்ள ஒலேசியா,

நலம். உங்கள் நலத்துக்கு மாதாவை வேண்டுகிறேன். காலுறை போட்டிருக்கிறேன். முதுகு பரவாயில்லை.

மாடுகள் நல்லவை. முதலாளி பெப்பே கத்துவார், ஆனால் சோறு வயிறாரப் போடுகிறார். தொழுவத்துக்கு மேலே வைக்கோல் பரணில் எனக்குப் படுக்கை. கதகதப்பாகவே இருக்கிறது. பேச்சு நிற்கிற அளவுக்கு இங்கே சிக்னல் கிடையாது, நீ சொன்னது சரிதான்.

பிப்ரவரியில் கிளை கழிக்க ஆள் வை, நீ ஏணி ஏறாதே. கழித்த கிளைகளை எரித்துவிடாதே. வரிசைக்கு வரிசை தலைமாட்டில் குவித்து, மேலே நனைந்த வைக்கோல் போட்டு வை. பூக்கிற சமயம் பனி இறங்கினால் அந்தப் புகைதான் பூவைக் காப்பாற்றும். கம்பம் சொல்ல மட்டும்தான் சொல்லும்.

குழந்தைக்குப் பல் வந்ததா?

வலேரியு

*

வாலா பிரூனி,
பிப்ரவரி 20

அன்புள்ள வலேரியு,

குழந்தைக்குக் காதுவலி வந்து போய்விட்டது, இப்போது சுகம். பல் நாலு. நாலாலும் என்னைத்தான் கடிக்கிறாள். நீ எப்படி இருக்கிறாய்? “நலம்” என்று ஒரு சொல்லில் எழுதாதே. இருமல் இருந்தால் இருமல் என்று எழுது.

கிளை கழித்தாயிற்று. நான் ஏணி ஏறவில்லை. இரண்டே முறைதான் ஏறினேன்.

மானியத் திட்டத்திலிருந்து கொரீனா என்று ஒரு பெண் வந்தாள். குன்றுச் சரிவில் கீற்றுக் கீற்றாக நிலம் வைத்திருக்கிற இருபது வீட்டுக்காரர்களையும் பள்ளிக்கூடத்தில் உட்காரவைத்தாள். குளிர் எல்லை தாண்டினால் எல்லார் போனுக்கும் எச்சரிக்கை வரும், எல்லாரும் ஒரே நேரத்தில் புகை போடவேண்டும் என்றாள். அது நியாயம்தான். ஒரு வீடு மட்டும் போட்டால் புகை பள்ளத்துக்கு ஓடிவிடும், சரிவு முழுக்கப் போட்டால்தான் போர்வை மாதிரி நிற்கும். ஆனால் “சேர்ந்து” என்ற வார்த்தையைக் கேட்டதும் பான்ஃபில் மாமா எழுந்துவிட்டார்.

“சேர்ந்துன்னா? மறுபடியும் கூட்டுப்பண்ணையா? எங்கப்பா குதிரையை ஓட்டிக்கிட்டுப் போனவங்களும் இப்படித்தான் பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாங்க!”

“ஐயா, குதிரை வேண்டாம், உங்க போன் நம்பர் குடுத்தா போதும்” என்றாள் கொரீனா.

“நம்பர்லதான் ஆரம்பிக்கும்!”

அடுத்த வீட்டு சினயீதா அக்கா அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள். “உக்காருங்க. உங்ககிட்ட இப்ப குதிரையும் இல்ல, கோழியும் இல்ல. யாரு எதை ஓட்டிக்கிட்டுப் போவா?” கடைசியில் எல்லாரும் கொடுத்தார்கள்.

குவியல்கள் தயார். எனக்கு ஒரே பயம், ஆளில்லை. இருபது வீட்டில் எழுந்து நடமாடுகிற ஆண்கள் என்று பார்த்தால் மூன்று பேர், அதில் பான்ஃபில் மாமாவும் ஒருவர். மற்றவர்கள் மாஸ்கோவிலும் இத்தாலியில் பார்மாவிலும் இருக்கிறார்கள். ஆனால் இந்த வருடம் பூவும் ஈஸ்டரும் ஒன்றாக வருகின்றன. ஈஸ்டருக்கு எல்லாரும் வந்துவிடுவார்கள். பனி வந்தே தீருமென்றால், ஆள் இருக்கிற அந்த வாரத்திலேயே வரட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இப்படியும் ஒரு வேண்டுதல்.

நீயும் வருவாய்தானே? நாலு நாள் வந்தால்கூடப் போதும்.

ஒலேசியா

*

திரென்டோ மலை,
மார்ச் 15

அன்புள்ள ஒலேசியா,

நலம். இருமல் இல்லை.

ஈஸ்டருக்கு வர முடியாது. கன்று போடுகிற காலம், விட்டுவிட்டு வந்தால் முதலாளி வேறு ஆளை வைத்துவிடுவார். இங்கே அவர்கள் ஈஸ்டர் நமக்கு ஒரு வாரம் முன்னாலேயே முடிந்துவிடும். நம் ஈஸ்டர் அன்று எனக்கு வேலைநாள்தான். கோபப்படாதே. ஜூலையில் கட்டாயம் வருவேன்.

குழந்தைக்குச் செருப்பு வாங்கியிருக்கிறேன். அளவு தெரியாததால், காகிதத்தில் அவள் காலை வரைந்து அனுப்பியிருந்தாயே, அதைக் கடைக்காரியிடம் காட்டினேன். “கால் வளர்ந்திருக்கும், ஒரு அளவு பெரிசா எடுங்க” என்றாள். கிரீஷாவிடம் கொடுத்திருக்கிறேன்.

மொட்டு கட்டிவிட்டதா? எழுது.

வலேரியு

*

வாலா பிரூனி,
ஏப்ரல் 10

அன்புள்ள வலேரியு,

கிறிஸ்து உயிர்த்தார். இலின்காவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செருப்பு சரியாக இருக்கிறது. நீ சுகமா?

இனிமேல் எழுதுவதைப் படிக்க உட்கார்ந்துகொள்.

ஈஸ்டர் இரவு நான் கோயிலுக்குப் போகவில்லை, குழந்தைக்கு உடம்பு நெருப்பாகச் சுட்டது. தீர்த்தம் தெளித்து வாங்க வேண்டிய என் ரொட்டி, முட்டைக் கூடையையும் சினயீதா அக்காவே எடுத்துப்போனாள். ஊர் முழுக்கக் கோயிலில். வெளிநாட்டிலிருந்து வந்த ஆண்கள் எல்லாரும் புதுச்சட்டையில். உயிர்ப்புப் பூசைக்கு யார் போனை எடுத்துப் போவார்கள்? எல்லா வீட்டிலும் அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விடிவதற்கு முன் என் போன் அலறியது. கம்பத்திலிருந்து எச்சரிக்கை. கதவைத் திறந்தேன், காற்றே இல்லை, வானத்தில் அத்தனை நட்சத்திரம். போனைக் கட்டிலிலேயே போட்டுவிட்டு, குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு கோயிலுக்கு ஓடினேன்.

எல்லாரும் கோயிலைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். காலடியில் கூடை, கையில் எரிகிற மெழுகுவர்த்தி, பாதிரியார் வந்து தீர்த்தம் தெளிக்கக் காத்திருந்தார்கள். நான் பான்ஃபில் மாமாவிடம் போனேன்.

“மாமா, எச்சரிக்கை வந்திருச்சு. குவியலைக் கொளுத்தணும். இப்பவே.”

“இப்பவா? ஈஸ்டர் விடியல்ல வேலை செய்யவா? கூடைக்கு இன்னும் தீர்த்தம் படலம்மா!”

மாஸ்கோவிலிருந்து வந்திருந்த அவர் மகன் சிரித்தான். “ஒலேசியா, உன் கம்பம் பழைய கூட்டுப்பண்ணைக் கட்சிக்காரனா? பண்டிகையன்னிக்குப் பாத்து வேலைக்குக் கூப்பிடுதே!”

சுற்றிலும் சிரித்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை வலேரியு. ஒருத்தி தன் சால்வையைக் கழற்றிக் குழந்தைமேல் போட்டாள். நான் பாதிரியாரிடமே போய்விட்டேன். அவர் நிறுத்திக் கேட்டார். கூட்டத்தைப் பார்த்து, “போக வேண்டியவங்க போங்க, பாவமில்ல. நான் சொல்றேன், போங்க” என்றார். ஒருவரும் அசையவில்லை. தீர்த்தம் படாத கூடையோடு முதல் ஆளாக வட்டத்தைவிட்டு யார் வெளியே போவது? ஒவ்வொருவரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். ஒருவர் போயிருந்தால் எல்லாரும் போயிருப்பார்கள். “இதோ, இதோ, இப்ப முடிஞ்சிடும்” என்றாள் சினயீதா அக்கா. பாதிரியாரும் பாவம், மந்திரத்தை விழுங்கி விழுங்கிச் சொல்லிக்கொண்டு ஓட்டமாகத்தான் வந்தார்.

அவர் தெளித்த தண்ணீர் கூடைத் துணிமேல் விழுந்த இடத்திலேயே வெள்ளையாக இறுகியது. சினயீதா அக்கா துணியைத் தொட்டாள். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

பிறகு எல்லாரும் ஓடினார்கள். வீட்டுக்குக் கொண்டுபோகிற புனிதச் சுடரைக் கண்ணாடி ஜாடிக்குள் மறைத்துப் பிடித்துக்கொண்டு, சரிவில் சறுக்கி விழுந்து ஓடினார்கள். புதுச்சட்டையோடு வைக்கோலில் தீ வைத்தார்கள். அதற்குள் சூரியன் வந்துவிட்டது. புகை நன்றாகத்தான் எழும்பியது.

பூவைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. இதழ் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் நடுவில் கறுப்பு. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கிறேன். போதும், உள்ளே வா என்று சினயீதா அக்கா கையைப் பிடித்து இழுக்கிறாள்.

என்ன செய்வதென்று எழுது.

ஒலேசியா

*

திரென்டோ மலை,
ஏப்ரல் 9

அன்புள்ள ஒலேசியா,

கிறிஸ்து உயிர்த்தார். நான் நலம். குழந்தை எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்?

கிரீஷா ஈஸ்டருக்கு ஊரில் இருப்பதால், இன்று கிளம்புகிற வேறொரு வண்டியில் கொடுத்தனுப்ப அவசரமாக எழுதுகிறேன். முதலாளி பெப்பே, குளிர்காலத்துக்கும் இருக்கிறாயா என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நேற்று சரியென்று சொல்லிவிட்டேன். சம்பளம் கொஞ்சம் கூடும். ஜூலையில் வர முடியாது. அடுத்த வருடம் பார்ப்போம்.

நீ சரியாகச் சாப்பிடு. எதற்கும் உன்னை நொந்துகொள்ளாதே.

இங்கே வெயில். மாடுகள் சுகம்.

வலேரியு

*

வாலா பிரூனி,
மே 6

வலேரியு,

நாங்கள் சுகம்தான். உன் சுகத்தை நான் கேட்கவேண்டாம், “நலம்” என்று எழுதுவாய்.

உன் கடிதமும் என் கடிதமும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. நான் பூ கறுத்துப்போனதை எழுதி உனக்கு அனுப்பும்போதே, நீ வரமாட்டேன் என்று எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறாய். பனி உனக்குத் தெரியாது. மரம் முழுக்கப் பழம் தொங்கும் என்றுதானே நினைத்திருப்பாய்? அப்படியிருந்தும் ஜூலையில் வரமாட்டேன் என்றாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா? அங்கே என்ன இருக்கிறது உனக்கு? யார் இருக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியை அடித்துவிட நினைத்தேன். அடிக்கவில்லை.

வந்த ஆண்கள் எல்லாரும் திரும்பிப் போய்விட்டார்கள். ஆப்ரிகாட் இல்லையென்றால் ஜூலையில் அவர்களுக்கும் இங்கே வேலையில்லை. பான்ஃபில் மாமா வேலியோரம் வருவதை நிறுத்திவிட்டார். என்னைப் பார்த்தால் தொப்பியைக் கழற்றுகிறார், இழவு வீட்டில் கழற்றுவது மாதிரி.

பதில் எழுது. நீளமாக எழுது.

ஒலேசியா

*

வாலா பிரூனி,
ஜூன் 24

அன்புள்ள வலேரியு,

கிரீஷா இரண்டு தடவை வந்து போய்விட்டான், உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? “ஆளு நல்லாத்தான் இருக்காரு அக்கா, பேச்சுத்தான் குறைஞ்சுபோச்சு” என்றான் கிரீஷா. இலின்கா நடக்கிறாள்.

நேற்று கொரீனா தன் பெரிய அதிகாரியோடு வந்தாள், பருவம் எப்படிப் போனதென்று பார்க்க. மரங்களைக் காட்டினேன். இலைதான் இருக்கிறது. அந்த அதிகாரி தலையை ஆட்டிவிட்டுக் கணினியைத் திறந்தார். ஈஸ்டர் இரவின் கோடு திரையில் இறங்கிக்கொண்டே போனது. “அருமையா வேலை செஞ்சிருக்கு பாருங்க! ஒரு நிமிஷம்கூடப் பிசகல” என்றார்.

“ஐயா, பழம் இல்லியே.”

“அது வருத்தம்தான். ஆனா எச்சரிக்கை போய்ச் சேந்துதாங்கிறதுதான் எங்க பொறுப்பு. சேந்திருக்கு.”

கொரீனா மட்டும் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதிப் பணம் தருவார்கள், அது அப்படியே வங்கிக்குப் போகும், மீதிக் கடன் மீதிதான். போட்டோவுக்குக் கம்பத்தின் பக்கத்தில் நின்று சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தேன்.

பிறகு யார் யார் செய்தியைத் திறந்து பார்த்தார்கள் என்று கொரீனா காட்டினாள். என்னைத் தவிர ஊரில் மற்ற எல்லாரும் விடிந்து வெகுநேரம் கழித்துத்தான் திறந்திருக்கிறார்கள். எனக்கும் முன்னால், வந்த அந்த நொடியே திறந்த எண் ஒன்று இருந்தது. “இது இத்தாலி நம்பர். யாருங்க இது? கம்பம் நட்ட அன்னிக்கு உங்க வீட்டுக்காரர் தனியா சேர்க்கச் சொன்னாராம். தினமும் காலைக் குளிர் கணக்கையும் இதுக்கு அனுப்பச் சொல்லியிருக்கார்” என்றாள்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. ஏப்ரல் ஒன்பதாம் தேதி அந்தக் கடிதத்தை எழுதும்போதே உனக்குத் தெரிந்திருக்கிறது. யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டேனே வலேரியு. ஏன் சொல்லவில்லை?

ஒலேசியா

*

திரென்டோ மலை,
ஜூலை 15

அன்புள்ள ஒலேசியா,

நடக்கிறாளா! விழாமல் பார்த்துக்கொள். கிணற்றுப் பக்கம் போகவிடாதே. நான் நலம்.

நீ கேட்டதற்குச் சொல்கிறேன். பரணில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அங்கே ஆணியில் போனை மாட்டிவைத்தால் எழுத்துச் செய்தி மட்டும் வந்துவிடும். தினமும் காலையில் நம் தோட்டத்துக் குளிர் எனக்கு வரும். அதைப் பார்த்துவிட்டுத்தான் பால் கறக்க இறங்குவேன். உன்னிடம் சொல்லியிருந்தால், தினமும் அதைப் பார்த்து நான் கவலைப்படுகிறேன் என்று நீ பயந்துகொண்டே இருப்பாய் என நினைத்தேன்.

அன்று எச்சரிக்கை வந்ததும் உன்னைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பான்ஃபில் மாமாவைக் கூப்பிட்டேன், சினயீதா அக்காவைக் கூப்பிட்டேன், கிரீஷாவைக்கூட. எல்லார் வீட்டிலும் போன் அலமாரிக்குள் அடித்திருக்கும். எனக்கே தெரியும், ஈஸ்டர், யாரும் எடுக்கமாட்டார்கள். இருந்தும் கூப்பிட்டேன். சிக்னல் போய்ப் போய் வந்தது. கீழே ஒரு பசு கன்று போட முடியாமல் கத்திக்கொண்டிருந்தது, முதலாளி என் பெயரைச் சொல்லி ஏசிக்கொண்டிருந்தார். குளிர் இறங்க இறங்கச் செய்தி வந்தது. எந்த மரத்தடிக் குவியலை முதலில் கொளுத்தவேண்டும் என்று எனக்குத் தெரியும். கையில் தீப்பெட்டிகூட இருந்தது. அதை வைத்துக்கொண்டு நின்றேன்.

விடிந்ததும் இறங்கிப் போய், குளிர்காலத்துக்கும் இருக்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். கடனை அடைக்க வேறு என்ன செய்ய? நீயாக எழுதும்வரை எனக்குத் தெரியாததுபோல் இருந்தால் உனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன். உன் கடிதம் வந்த பிறகு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன்.

இங்கே யாரும் இல்லை. மாடுகள்தான்.

வலேரியு

*

வாலா பிரூனி,
ஆகஸ்ட் 3

அன்புள்ள வலேரியு,

சுகமாயிரு, வேறென்ன கேட்பேன். நாங்கள் சுகம். இலின்கா கிணற்றுப் பக்கம் போவதில்லை, சினயீதா அக்கா பலகை அடித்துத் தடுத்துவிட்டாள்.

உன் கடிதத்தைப் படித்த அன்றே கொரீனாவுக்குப் போன் செய்து உன் எண்ணை எடுக்கச் சொல்லிவிட்டேன். கோபத்தில் இல்லை. இரவெல்லாம் அந்தப் பரணில் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதை நினைத்தால் எனக்கும் தூக்கம் போய்விடுகிறது. இங்கே நான் இருந்தே ஒன்றும் செய்ய முடியவில்லை, அங்கிருந்து நீ என்ன செய்வாய்? நம் இருவரில் ஒருவராவது தூங்கட்டும். இந்தக் குளிரை நான் ஒருத்தி பார்த்துக்கொள்கிறேன்.

கிரீஷா வண்டி பழுதாகி எல்லையில் நிற்கிறதாம். இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது.

தூங்கு.

உன்
ஒலேசியா

*

திரென்டோ மலை,
ஆகஸ்ட் 12

அன்புள்ள ஒலேசியா,

நீயும் குழந்தையும் நலமா? ஜூலையில் நான் எழுதியதற்குப் பதில் இன்னும் வரவில்லை. இது வேறொரு ஆள் வண்டியில் வருகிறது.

ஒரு விஷயம். மூன்று வாரமாகக் கம்பத்திலிருந்து எனக்குச் செய்தி வருவதில்லை. இடி விழுந்ததா? பேட்டரி போய்விட்டதா? சிக்னல் இல்லையோ என்று ஜன்னலை மாற்றிப் பார்த்தேன், கூரைமேல் ஏறிப் பார்த்தேன். கொஞ்சம் போய்ப் பார். கம்பத்தின் அடியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருக்கும், மூடியைத் திறந்தால் பச்சை விளக்கு எரியவேண்டும். எரியவில்லையென்றால் கொரீனாவை வரச்சொல்.

சிரிக்காதே. காலையில் அங்கே குளிரா வெயிலா என்று பார்த்துவிட்டு, குழந்தைக்கு இன்று சட்டை போட்டிருப்பாயா கம்பளி போட்டிருப்பாயா என்று நினைத்துக்கொண்டுதான் கீழே இறங்குவேன். இப்போது அது தெரியவில்லை. இரவில் தூக்கமே வரவில்லை.

சீக்கிரம் சரிசெய்யச் சொல்.

வலேரியு